கம்பி இழுக்குமுன் கணக்கு

வலையமைப்பு என்ற அலகில் முறுக்கிய கம்பிச் சோடி, ஆளி, வழிப்படுத்தி என்ற சொற்களை நாம் படிக்கிறோம். பரீட்சைக்கு அவை போதும். ஒரு கட்டடத்துக்குப் போதா. எனவே இந்தக் கட்டுரையில் நயினாதீவில் ஒரு சிறிய அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்குரிய கணினி, தொலைபேசி வடங்களைத் திட்டமிட்டுப் பார்க்கிறேன்.

ஏன் நயினாதீவு? குறிகட்டுவான் இறங்குதுறையோடு வீதி முடிந்துவிடும், அதன்பின் படகுதான். மறந்துபோன ஓர் இணைப்பி நகரத்தில் பத்து நிமிட வேலை. தீவில் ஒரு நாள் வேலை. அலுவலகத்துக்கு வருபவரையும் நினைக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது குடும்பங்கள் பல இன்னும் புத்தளத்தில் வாழ்கின்றன. காணி, பிறப்புப் பத்திரங்களைத் தேடி அங்கிருந்து வரும் ஒரு தாயிடம் "இன்று லைன் இல்லை" என்று சொல்வது சிறிய விடயமன்று. பிறரது ஆவணங்கள் அலுவலகத்திடம் உள்ள அமானிதம்.

முதலில் எண்ணிக்கை. ஐந்து மேசைகள், ஒவ்வொன்றுக்கும் கணினிக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று என இரண்டு இணைப்புத் துளைகள். அச்சுப்பொறி, வைஃபை கருவி, கண்காணிப்புக் கமெரா ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. மொத்தம் 13. வைஃபை இருந்தால் கம்பி எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கருவிக்கும் ஒரு வடம் வேண்டும். நாள் முழுவதும் ஓரிடத்தில் இருக்கும் கணினிக்குக் கம்பியே நம்பகமானது.

அடுத்தது நீளம். ஒவ்வொரு துளையிலிருந்தும் தனி வடம் ஒரே அலுமாரிக்கு வர வேண்டும். இதுவே நட்சத்திர அமைப்பு. ஒரு வடம் பழுதானால் ஒரு மேசை மட்டுமே பாதிக்கப்படும். சராசரி நீளம் 15 மீற்றர், முனைகளில் உபரி 3 மீற்றர் என்றால் 13 × 18 = 234 மீற்றர். வடப் பெட்டி ஒன்றில் 305 மீற்றர் இருக்கும். ஒரு பெட்டி போதும். மேலும் மூன்று துளைகளுக்கும் இடமுண்டு. அலுமாரியில் 24 துளை இணைப்புப் பலகை வைத்தால் நாளைய தேவைக்கும் இடம் மிஞ்சும். சுவருக்குள் நிலையாகச் செல்லும் வடம் 90 மீற்றரைத் தாண்டக்கூடாது. இருபுறச் சிறு வடங்களையும் சேர்த்து 100 மீற்றர்.

தொலைபேசிக்கும் அதே வகை வடத்தையே இழுக்கலாம். அதில் நான்கு சோடிகள் உண்டு. சாதாரண தொலைபேசிக்கு நீலச் சோடி ஒன்றே போதும். எந்தத் துளை கணினிக்கு, எது தொலைபேசிக்கு என்பதை அலுமாரியில் சிறு வடத்தை மாற்றித் தீர்மானிக்கலாம். சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஆனால் எச்சரிக்கை: தொலைபேசி லைனில் சாதாரணமாக 48 வோல்ட்டும், மணி ஒலிக்கும்போது ஏறத்தாழ 90 வோல்ட்டும் இருக்கும். அதைக் கணினித் துளையில் செருகினால் கருவி பழுதாகலாம். ஆகவே நிறத்தாலும் பெயராலும் பிரித்துக் காட்டுங்கள்.

கம்பிகளை முறுக்குவது அழகுக்காக அல்ல. அருகிலுள்ள கம்பிகளின் குறுக்கீட்டைக் குறைக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எனவே முனையில் 13 மில்லிமீற்றருக்கு மேல் முறுக்கை அவிழ்க்காதீர்கள். மின்கம்பியோடு ஒரே குழாயில் இழுக்காதீர்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவு, வாங்காதீர்கள்.

தீவுக்கென்று சில கவனங்களும் உண்டு. உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கும். அலுமாரி மூடியதாக இருக்கட்டும், பாவிக்காத துளைகளுக்கும் மூடி போடுங்கள். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகியவை டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. அவற்றுக்குக் கலப்பு மின்திட்டம் அமைக்க 2022 மார்ச்சில் இலங்கையும் இந்தியாவும் உடன்பட்டன. மின்சாரம் எதிலிருந்து வந்தாலும் அலுமாரிக்கு யூபிஎஸ் ஒன்றும் சரியான புவித்தொடுப்பும் வேண்டும். இரண்டு கட்டடங்களை இணைப்பதாயின் செப்புக் கம்பியை விட ஒளியிழை வடமே நல்லது. மின்னல் பாய்ச்சல் அதன் வழியே செல்லாது.

இறுதியாக, ஒவ்வொரு வடத்தின் இரு முனையிலும் ஒரே இலக்கத்தை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் சோதனைக் கருவியால் பாருங்கள். வரைபடத்தின் பிரதியொன்றை அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஐந்து வருடத்துக்குப் பின் பழுது பார்க்க வருபவர் உங்களை அறியமாட்டார். அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. இந்த வேலையின் பெரும்பகுதி அளவு நாடா, பென்சில், பொறுமை ஆகியவற்றால் நடப்பது. உங்கள் பிள்ளைக்கு இவை மூன்றும் கைவந்தவையே. இதில் அவள் ஆர்வம் காட்டினால் தடுக்காதீர்கள்.

மாணவிகளே, பயிற்சியாக எமது கணினி அறையை அளந்து இதேபோல் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். துளைகளின் எண்ணிக்கை, வடத்தின் நீளம், வாங்கவேண்டிய பொருட்கள் என்ற மூன்றும் ஒரே தாளில் வரட்டும்.