ஒன்றரை கிளாஸ் பால் எங்கே போனது?

“பால் குடிக்கமாட்டேன் என்கிறான், மில்க் சாக்லேட்டாவது தின்னட்டும். அதிலும் பால்தானே இருக்கிறது!”

இந்த நம்பிக்கையில் பாதி விளம்பரம் செய்த வேலை. 1905இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த கேட்பரி டெய்ரி மில்க், 1928இல் ‘ஒன்றரை கிளாஸ் பால்’ என்று விளம்பரம் செய்யத் தொடங்கியது. அது பொய் இல்லை. ஆனால் அந்த ஒன்றரை கிளாஸ், அரை பவுண்டு சாக்லேட்டுக்குச் சொன்ன கணக்கு. அரை பவுண்டு என்றால் 227 கிராம். கிளாஸ் மட்டும் மக்கள் மனதில் நின்றது. அரை பவுண்டை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு பிரிட்டனில் உறையிலேயே 227 கிராமுக்கு 426 மில்லி பால் என்று தெளிவாக அச்சிட்டார்கள். வகுத்துப் பார்த்தால் 50 கிராம் பார் ஒன்றுக்கு 94 மில்லி. அரை டம்ளர்கூடத் தேறாது.

சரி, முழு ஒன்றரை கிளாஸும் வேண்டும் என்று 227 கிராமையும் ஒருவர் தின்றால்? ஏறக்குறைய 1,200 கிலோ கலோரி, 127 கிராம் சர்க்கரை, 40 கிராமுக்குமேல் நிறைவுற்ற கொழுப்பு. பாலுக்காகக் கொடுக்கும் விலை அது.

கால்சியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 200 மில்லி பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கும். 100 கிராம் மில்க் சாக்லேட்டில் சுமார் 190. ஒரு டம்ளர் பாலுக்கு ஈடுகட்ட 125 கிராம் சாக்லேட் தேவை. பால் 120, 130 கிலோ கலோரியோடு நின்றுவிடும்; சாக்லேட் 650ஐத் தாண்டும்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். நூறு கிராம் சாக்லேட்டில் புரதம் 7 கிராம், அதே அளவு பாலில் 3 கிராம்தானே? உண்மைதான். ஆனால் பாலில் 87 சதவீதம் தண்ணீர். சாக்லேட்டில் தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம். சொட்டுத் தண்ணீர் பட்டாலும் உருகிய சாக்லேட் திரிந்து கெட்டிப்பட்டுவிடும். சுவிட்சர்லாந்தின் வெவே நகரத்தில் டேனியல் பீட்டர் மில்க் சாக்லேட் செய்யப் பல ஆண்டுகள் போராடியது இந்தத் தண்ணீரோடுதான். 1875இல்தான் அவருக்குக் கைகூடியது. ஆகவே கிராமுக்குக் கிராம் ஒப்பிடுவது ஏமாற்றும். கலோரிக்குக் கலோரி ஒப்பிட்டுப் பாருங்கள், பால் எங்கோ முன்னால் போய்விடும்.

“உறையில் போட்டிருக்கும் சர்க்கரையெல்லாம் பாலில் இருக்கும் சர்க்கரைதான்.”

கொஞ்சம்தான். நூறு கிராமுக்கு 56 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 50 கிராம் பாரில் 28. அதில் பாலோடு வந்த லாக்டோஸ் நாலரை கிராம் அளவுக்கு இருக்கலாம். மிச்சம் 23 கிராமுக்குமேல், ஆலையில் கொட்டிய சர்க்கரை. அதாவது ஐந்து டீஸ்பூன். ஒரு டம்ளர் காபியில் ஐந்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தால் முகம் சுளிப்போம். சாக்லேட்டில் கொழுப்பும் கொக்கோவின் கசப்பும் அந்தத் தித்திப்பை மறைத்துவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, சேர்த்த சர்க்கரை போன்றவற்றிலிருந்து வரும் கலோரி, மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர் ஒருவருக்கு அந்த ஐந்து சதவீதம் என்பதே நாளுக்குச் சுமார் 25 கிராம்தான். குழந்தைக்கு அதைவிடக் குறைவு. உறையைத் திருப்பும்போது மொத்தச் சர்க்கரையை விட்டுவிட்டு, ‘சேர்த்த சர்க்கரை’ என்ற வரியைப் பாருங்கள். அந்த எண் நூறு கிராமுக்கா, ஒரு துண்டுக்கா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். துண்டுக்கணக்கில் எழுதினால் எந்தச் சாக்லேட்டும் சாது ஆகிவிடும்.

“சாக்லேட் இதயத்துக்கு நல்லது, உடம்பு இளைக்கும் என்று பேப்பரிலேயே வந்ததே!”

வந்தது. எப்படி வந்தது என்பதுதான் வேடிக்கை. 2015இல் ஜான் போகனன் என்ற பத்திரிகையாளர், ஜெர்மனியில் பதினைந்து பேரை வைத்துச் சில வாரம் ஒரு சாக்லேட் சோதனை நடத்தினார். எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார். இத்தனை சிறிய கூட்டத்தில் இத்தனை விஷயங்களை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாக ‘வெற்றி’ காட்டியே தீரும். எடை காட்டியது. காசு கட்டினால் போடும் ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்தது. பல நாட்டுப் பத்திரிகைகள் முதல் பக்கம்வரை கொண்டுபோயின. பிறகு அவரே, உணவு பற்றிய செய்திகள் எவ்வளவு கேள்வி கேட்காமல் பரவுகின்றன என்று காட்டவே இதைச் செய்ததாக அறிவித்தார். திருத்தம் என்றைக்குமே தலைப்புச் செய்தி அளவுக்கு ஓடுவதில்லை. அந்தச் சோதனையிலும் கொடுத்தது 81 சதவீத டார்க் சாக்லேட் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கொக்கோவில் ஃபிளவனால் என்ற நல்ல பொருட்கள் இருப்பது மெய். அவை இருப்பது கொழுப்பு நீக்கிய பழுப்புப் பகுதியில். அமெரிக்கச் சட்டப்படி பத்து சதவீதம் கொக்கோ இருந்தாலே ‘மில்க் சாக்லேட்’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் பொதுவாக 25 சதவீதம், அதிலும் கொக்கோ வெண்ணெய் அடக்கம். டார்க் சாக்லேட்டின் புகழை மில்க் சாக்லேட் இரவல் வாங்கிக்கொண்டிருக்கிறது.

“ராத்திரி சாக்லேட் தின்றால் பிள்ளை தூங்காது, ஆட்டம் போடும்.”

இந்தப் பழி மட்டும் சாக்லேட்டுக்கு அநியாயமானது. 50 கிராமில் கஃபீன் பத்து மில்லிகிராம் அளவுதான். ஃபில்டர் காபியில் அதைப்போலப் பல மடங்கு. சர்க்கரை ஆட வைக்கும் என்பதும் சோதனைகளில் நிற்கவில்லை. 1994இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. எல்லாச் சிறுவர்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத இனிப்பூட்டி. ஆனால் சில தாய்மாரிடம் மட்டும் “உங்கள் பையனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்” என்றார்கள். அந்தத் தாய்மார்தான் பையன் அதிகம் ஆடினான் என்று சொன்னார்கள். பிறந்தநாள் விழாவில் இருபது பிள்ளைகள் சேர்ந்தால் கேக் இல்லாவிட்டாலும் ஆடத்தான் செய்வார்கள். நாய்க்குக் கொடுப்பது வேறு கதை: கொக்கோவில் இருக்கும் தியோபுரோமினை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. அதற்கு அது விஷம்.

பல்லில் பூச்சி? பூச்சி கிடையாது, பாக்டீரியா. சர்க்கரையை அமிலமாக்கி அது பல்லை அரிக்கிறது. எவ்வளவு தின்றோம் என்பது போலவே எத்தனை தடவை வாயில் போட்டோம் என்பதும் முக்கியம்.

கடைசியாக ஒன்று, ஆபத்தானது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பலர் ‘லோ சுகர்’ வந்தால் உதவும் என்று பையில் சாக்லேட் வைத்திருக்கிறார்கள். சாக்லேட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் கொழுப்பு. அது சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதமாக்கும். மற்ற நேரத்தில் சாதகமாகத் தெரியும் இந்தக் குணம், கை நடுங்கி வியர்க்கும் அந்த நிமிடத்தில் எதிரி. அப்போது வேண்டியது 15 கிராம் குளுக்கோஸ் பொடியோ, மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரோதான். பதினைந்து நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.