காகிதம், அலுமினியம், ஈயம்: ஓர் இளம் ரேடியோகிராஃபருக்கு



திருச்சி பெல் ஆலையைச் சுற்றி, திருவெறும்பூரிலும் துவாக்குடியிலும் கொதிகலன் பாகங்களுக்கு வெல்டிங் வைக்கும் பட்டறைகள் எத்தனையோ உண்டு. வெல்டுக்குள் விரிசல் இருக்கிறதா, காற்றுக்குமிழ் மாட்டியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு பக்கம் இரிடியம் சோர்ஸ், மறுபக்கம் ஃபிலிம் வைத்துப் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு நீ வந்திருக்கிறாய். பயிற்சி முடிந்தது, தேர்வும் முடிந்தது. இனி இரவு ஷிப்ட்தான், பட்டறையில் மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகு.

பள்ளிப் பாடநூலில் கதிர்வீச்சைப் பற்றி ஒரு படம் பார்த்திருப்பாய். ஆல்ஃபாவைக் காகிதம் நிறுத்தும், பீட்டாவை அலுமினியத் தகடு நிறுத்தும், காமாவுக்கு ஈயக்கட்டி வேண்டும். படத்தில் பொய் ஏதும் இல்லை. 1899இல் ரூதர்ஃபோர்டு யுரேனியத்தின் மேல் அலுமினியத் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்துத்தான் ஆல்ஃபாவையும் பீட்டாவையும் பிரித்தார். மறு ஆண்டே பாரிசில் வில்லார்டு, இவை இரண்டையும் விட ஆழமாக ஊடுருவும் மூன்றாவது கதிரைக் கண்டார். ஆனால் அந்தப் படம் மாணவர் மனத்தில் ஓர் ஏணியைச் சாத்தி வைத்துவிடுகிறது: ஆல்ஃபா சாது, காமா கொடியது. தொழிலுக்கு வந்தவர்களையும் அந்த ஏணி விடுவதில்லை. அதை இப்போதே எடுத்துப் போட்டுவிடு.

ஆல்ஃபாவும் பீட்டாவும் மின்னூட்டம் கொண்ட துகள்கள். போகும் வழியில் உள்ள அணுக்களை எல்லாம் உரசிக்கொண்டே போவதால், ஓரிடத்தில் ஆற்றல் தீர்ந்து நின்றுவிடும். அவற்றுக்கு எல்லைக்கோடு உண்டு. காமாவுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது. அது பாதி பாதியாகத்தான் குறையும். இரிடியம்-192இன் காமாவைச் சுமார் 5 மில்லிமீட்டர் ஈயம் பாதியாக்கும். அடுத்த 5 மில்லிமீட்டர் மிச்சத்தைப் பாதியாக்கும். கோபால்ட்-60 என்றால் ஒவ்வொரு பாதிக்கும் 12 மில்லிமீட்டர் வேண்டும். ஆகவே “ஈயத்துக்குப் பின்னால்தானே நிற்கிறேன்” என்று சொல்வது போதாது. எத்தனை பாதி குறைத்திருக்கிறாய் என்று கணக்குப் போட வேண்டும்.

தூரத்துக்கும் இதே போல ஒரு கணக்கு இருக்கிறது. 30 கியூரி இரிடியம் சோர்ஸ், அதை வைத்திருக்கும் கவசப் பெட்டியான கேமராவை விட்டு வெளியே நிற்கும்போது, ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மணிக்கு ஏறத்தாழ 150 மில்லிசீவர்ட் கிடைக்கும். கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஓர் ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட அளவே 20 மில்லிசீவர்ட்தான். எட்டு நிமிடத்தில் ஓராண்டுக் கணக்கு தீர்ந்துவிடும். அவரே பத்து மீட்டர் தள்ளி நின்றால் மணிக்கு 1.5 மில்லிசீவர்ட். தூரம் பத்து மடங்கானால் அளவு நூறில் ஒன்றாகிறது. இதைத் திருப்பியும் போட்டுப் பார்: ஒரு மீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு வந்தால் பத்தாயிரம் மடங்கு ஏறும்.

அந்தப் பத்தாயிரம் மடங்கு என்ன செய்யும் என்பதைப் பெருவில் ஒரு வெல்டர் உடம்பால் அனுபவித்தார். 1999 பிப்ரவரி 20 அன்று, யனாங்கோ நீர்மின் நிலையத்தில், கேமராவிலிருந்து கழன்று விழுந்து கிடந்த இரிடியம் சோர்ஸை அவர் எடுத்துக் கால்சட்டையின் பின் பையில் போட்டுக்கொண்டார். 37 கியூரி. பார்த்தால் ஏதோ உலோகத் துண்டு. சூடும் இல்லை, ஒளியும் இல்லை. பல மணி நேரம் அது பையிலேயே இருந்தது. தொடை சிவந்து வலித்தபோது பூச்சிக்கடி என்று நினைத்தார்கள். அன்றிரவு ரேடியோகிராஃபர் படம் எடுத்து ஃபிலிமைக் கழுவியபோது அதில் எதுவுமே பதிந்திருக்கவில்லை. அப்போதுதான் சோர்ஸ் கேமராவுக்குள் இல்லை என்பது புரிந்தது. நள்ளிரவு தாண்டி அந்த வெல்டரின் வீடு தேடிப் போனார்கள். சில மாதங்களில் அவருடைய வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

வெற்று ஃபிலிமைப் பார்த்து, டெவலப்பர் கெட்டுவிட்டதோ என்று யோசிக்கத் தோன்றும். அந்த யோசனைக்கு இடம் கொடுக்காதே. முதல் சந்தேகம் சோர்ஸின் மேல்தான் விழ வேண்டும். இன்னொன்று: ஒவ்வொரு எக்ஸ்போஷருக்குப் பிறகும் சர்வே மீட்டரைக் கையில் பிடித்தபடி கேமரா வரைக்கும், கைடு ட்யூபின் நுனி வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தால், யனாங்கோவில் நடந்ததுபோலச் சோர்ஸ் ஒருவர் கையில் சிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்த நடைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அவசர வேலையில் முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

மீட்டரை நம்புவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். பிரேசிலின் கோயானியாவில் 1987 செப்டம்பரில், கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்து சீசியம்-137 பொடி பழைய இரும்புக் கடைக்குப் போய், அங்கிருந்து வீடு வீடாகப் பரவியது. நான்கு பேர் இறந்தார்கள். அங்கே முதலில் அளக்கப் போன மருத்துவ இயற்பியலாளர், கருவியை இயக்கியதும் முள் கடைக்கோடிக்குப் போய் நிற்பதைக் கண்டார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே நிலை. கருவி பழுது என்று நினைத்து, வேறொன்று வாங்கி வரத் திரும்பிப் போனார். பழுது ஏதுமில்லை. இதற்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. சில கைகர் குழாய்கள், கதிர்வீச்சு மிகக் கடுமையான இடத்தில் திணறிப்போய்க் குறைவாகவோ பூச்சியமாகவோ காட்டும். ஆகவே மீட்டரைத் தூரத்திலேயே இயக்கி, முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நெருங்கு. ஏறிக்கொண்டே வந்த முள் திடீரென்று விழுந்தால் பின்னால் வந்துவிடு.

இனி ஆல்ஃபா. உன் கேமராவுக்குள்ளேயே ஆல்ஃபா இருக்கக்கூடும். பல கேமராக்களில் கவசமாக வைத்திருப்பது ஈயத்தை விட மிக அடர்த்தியான தீர்ந்த யுரேனியம். அதன் ஆல்ஃபா உறையைத் தாண்டி வராது. பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலிலும் ஆல்ஃபா உமிழும் தோரியம் இருந்தது. திருவிதாங்கூர்க் கடற்கரை மணலை ஜெர்மானியர்கள் தேடி வந்ததும், மணவாளக்குறிச்சியில் 1910 வாக்கில் ஆலை எழுந்ததும் அந்த மேண்டிலுக்காகத்தான். விளக்கருகே உட்கார்ந்து நாடகம் பார்த்தவர்களை அதன் ஆல்ஃபா எட்டியிருக்காது. காற்றில் சில சென்டிமீட்டர்தான் அதன் ஆயுள். மேல்தோலின் இறந்த அடுக்கே அதற்குச் சுவர்.

சுவருக்கு உள்ளே போய்விட்டால் கதை தலைகீழாகிறது. 2006 நவம்பரில் லண்டன் மருத்துவமனையில் முன்னாள் ரஷ்ய உளவு அதிகாரி அலெக்சாண்டர் லித்வினென்கோ முடி கொட்டி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து கிடந்தபோது மருத்துவர்கள் முதலில் தாலியம் விஷம் என்று சந்தேகித்தார்கள். உடலுக்குள் இருந்தது பொலோனியம்-210. அது ஏறக்குறைய முழுக்க ஆல்ஃபாவையே உமிழ்வதால், உடம்புக்கு வெளியே பிடித்த கருவிக்குச் சொல்ல எதுவும் இல்லை. சிறுநீரைச் சோதித்த பிறகே அடையாளம் தெரிந்தது. திசுவில் ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்குக்குள் தன் ஆற்றல் முழுவதையும் கொட்டிவிடும் துகள் அது. அதனால்தான் உயிரியல் சேதத்தைக் கணக்கிடும்போது காமாவுக்கு 1 போடும் இடத்தில் ஆல்ஃபாவுக்கு 20 போடுகிறார்கள். காகிதம் தடுக்கும் கதிர் என்று படத்தில் இருப்பதும் இதே ஆல்ஃபாதான். கதிரியக்கத் தூசு இருக்கும் இடத்தில் சாப்பிடாதே, கையை வாயருகே கொண்டுபோகாதே.

பீட்டாவை நீ காகித ஆலைகளில் சந்திக்கலாம். ஓடும் காகிதத்தின் தடிமனை அளக்கக் கிரிப்டான்-85 வைத்திருப்பார்கள். வேகமான பீட்டாவை நேராக ஈயத்தால் மூடுவது தவறு. கனமான அணுக்கருவின் அருகே எலக்ட்ரான் சட்டென்று வேகம் இழந்தால் எக்ஸ் கதிர் பிறக்கும். ஒரு சென்டிமீட்டர் அக்ரிலிக் தகடு பாஸ்பரஸ்-32இன் பீட்டாவை முழுதாக நிறுத்திவிடும், எக்ஸ் கதிரும் குறைவு. பீட்டா தோலோடு நின்றுவிடுகிறது என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. செர்னோபிலில் கதிர்வீச்சு நோயால் 1986இல் இறந்த 28 பேரில் பலரைச் சாய்த்ததில், நனைந்த உடையோடு ஒட்டிய பீட்டாத் துகள்கள் எரித்த தோலுக்குப் பெரும் பங்கு உண்டு.

நியூட்ரான் அந்தப் பள்ளிப் படத்தில் இல்லவே இல்லை. எண்ணெய்க் கிணறுகளில் பாறையைச் சோதிக்க அமெரிசியம்-பெரிலியம் சோர்ஸ் இறக்குகிறார்கள். காவிரிப் படுகைப் பக்கம் வேலைக்குப் போனால் நீ அதைப் பார்ப்பாய். அதிலிருந்து வரும் நியூட்ரான், மின்னூட்டம் இல்லாததால், ஈயத்தை ஏறக்குறைய பொருட்படுத்தாது. கேரம் காய் ஒன்று பலகையின் கட்டையில் மோதினால் வேகம் பெரிதாகக் குறையாமல் திரும்பும், சம எடையுள்ள இன்னொரு காயில் நேராக மோதினால் வேகத்தை அந்தக் காயிடம் கொடுத்துவிடும். நியூட்ரானுக்குச் சம எடைக் காய் ஹைட்ரஜன்தான். ஈய அணுவில் மோதினால் ஒரு மோதலுக்கு அதிகபட்சம் 2 சதவீத ஆற்றலே போகும். ஆகவே அதற்குக் கவசம் தண்ணீர், பாரஃபின் மெழுகு, பாலித்தீன்.

ஜப்பானின் தோக்காய்முராவில் 1999 செப்டம்பர் 30 அன்று, யுரேனியக் கரைசலை அளவுக்கு மேல் ஒரே தொட்டியில் ஊற்றியதால் தொடர்வினை தொடங்கியது. தொட்டியைச் சுற்றி ஓடிய குளிர்நீர் நியூட்ரான்களைத் திருப்பி உள்ளேயே அனுப்பிக்கொண்டிருந்ததால் அது சுமார் 20 மணி நேரம் நிற்கவில்லை. அந்த நீரை வடித்த பிறகே அடங்கியது. நியூட்ரானுக்கு இன்னொரு குணமும் உண்டு: தொட்ட பொருளையே கதிரியக்கமாக்கும். தொழிலாளர்களின் உடலிலிருந்த சோடியம், சோடியம்-24ஆக மாறியிருந்தது. அதை அளந்துதான் அவர்கள் வாங்கிய டோஸை மதிப்பிட்டார்கள். இருவர் இறந்தார்கள்.

உன் சட்டையில் இருக்கும் டி.எல்.டி. பேட்ஜ் காமாவையும் பீட்டாவையும் பதிவு செய்யும். ஆல்ஃபா அதற்குத் தெரியாது. வேக நியூட்ரானுக்குச் சி.ஆர்.-39 பேட்ஜ் தனியே வேண்டும். நியூட்ரான் சோர்ஸ் உள்ள தளத்துக்கு அனுப்பினால் அதைக் கேட்டு வாங்கு. பேட்ஜ் தரும் கணக்கும் ஆய்வகத்துக்குப் போய் வந்த பிறகுதான் தெரியும். அந்த நிமிடத்துக்குப் பாக்கெட் டோசிமீட்டரும் சர்வே மீட்டரும்தான்.

முதல் நாளே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் மூன்று கேள்விகள் கேள்: இந்த மீட்டரைக் கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள், சோர்ஸ் உள்ளே இருக்கும்போது கேமராவின் மேற்பரப்பில் எவ்வளவு காட்ட வேண்டும், இன்று இந்தச் சோர்ஸ் எத்தனை கியூரி. இரிடியத்துக்கு 74 நாளில் பாதி குறைந்துவிடும். போன மாதச் சீட்டில் உள்ள எண் இன்றைக்கு ஆகாது. சோர்ஸ் திரும்பாமல் சிக்கினால் கையால் தொடாதே, மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் தொடாதே. கயிறு கட்டிய எல்லையை இன்னும் பின்னுக்கு நகர்த்து, எல்லோரையும் அதற்கு வெளியே நிறுத்து, அலுவலருக்குப் போன் போடு, அவர் வரும்வரை அங்கேயே காவல் நில்.