பயனை அளத்தல்: மும்பைப் பள்ளிகளில் ஓர் ஆய்வு

நலத்திட்டம் ஒன்று பயன் தந்ததா என்று அளவிடுவது எளிதன்று. மும்பையில் சுனாபட்டி, குர்லா பகுதிகளை உள்ளடக்கிய எல் வார்டின் மாநகராட்சிப் பள்ளிகளில் பிரதம் நிறுவனம் ‘பால்சகி’ திட்டத்தை நடத்தியது. படிப்பில் பின்தங்கிய சிறுவர்களை அப்பகுதி இளம்பெண் ஒருவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே பயிற்றுவிப்பார். இவர்களது மதிப்பெண்ணை வகுப்பின் ஏனையோருடன் ஒப்பிட்டால் திட்டமே தீங்கு விளைவித்ததாகத் தோன்றும், நலிந்தோரையன்றோ தேர்ந்தெடுத்தனர்!

வருகை, குடும்ப வருவாய் போன்ற பதிவான வேறுபாடுகளை இயந்திரக் கற்றல் முறைகள் இன்று திறம்படச் சரிக்கட்டுகின்றன. ஆசிரியர் மட்டுமே அறிந்த நலிவு பதிவேட்டில் ஏறுவதில்லை; அதனை எக்கணிப்பொறியும் சரிக்கட்ட இயலாது.

எனவே 2001-2003 ஆண்டுகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் குலுக்கல் முறையைக் கையாண்டனர். சில பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கும் பிறவற்றில் வேறொரு வகுப்புக்கும் பால்சகி அமர்த்தப்பட்டார். எப்பள்ளியும் விடுபடவில்லை, பால்சகி பெற்ற மூன்றாம் வகுப்பு முழுவதையும் பெறாத மூன்றாம் வகுப்புடன் ஒப்பிட முடிந்தது. மும்பை, வதோதரா ஆகிய இரு நகரங்களையும் சேர்த்து நோக்க, சராசரி மதிப்பெண் முதலாண்டில் 0.14, இரண்டாமாண்டில் 0.28 திட்ட விலக்க அளவு உயர்ந்தது. இவ்வுயர்வு பெரும்பாலும் பால்சகியிடம் பயின்ற சிறுவர்களுடையதே. திட்டத்தைவிட்டு நீங்கி ஓராண்டு கழிந்தபின் எஞ்சியது ஏறத்தாழ 0.10.