பயணம் சொல்லுதல்

ஹட்டன்

அன்புள்ள மகளுக்கு,

 

தோஹாவிலிருந்து நீ கொடுத்தனுப்பிய நாவலை நிதானமாக வாசித்து முடித்தேன். தோஷிகாசு கவாகுச்சி என்னும் ஜப்பானியர் முதலில் நாடகமாக இயற்றிப் பின்னர் 2015இல் நாவலாக வெளியிட்ட அக்கதையில், தோக்கியோ நகரத்தில் நிலத்தடியிலுள்ள சிறிய கோப்பிக்கடையொன்றின் குறிப்பிட்ட நாற்காலியில் அமர்ந்தவர் தாம் விரும்பிய காலத்துக்குப் போய் மீளலாமென்றும், ஆயினும் அங்கே என்ன செய்தாலும் நிகழ்காலம் அணுவளவும் மாறாதென்றும், வார்த்த கோப்பி ஆறுவதற்குள் அதைக் குடித்துத் திரும்பிவிட வேண்டுமென்றும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. புத்தகத்தினுள் நீ வைத்திருந்த சீட்டில், அந்த நாற்காலி ஒரே தரம் கிடைத்தால் அப்பாயியிடம் பயணம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வாக்கியந்தான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

அப்பாயி காலமான செய்தி கிடைத்தும், வேலை செய்யுமிடத்தில் லீவு தர மறுத்ததனால் நீ வரமுடியாமற் போயிற்று. அதில் உன் குற்றம் யாதுமில்லை. ஆனால், அந்தக் கடைசிச் சந்திப்பு மட்டும் வாய்த்திருந்தால் மனத்திலுள்ள அனைத்தையும் சொல்லித் தீர்த்திருக்கலாம் என்ற உன் நம்பிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. நாளும் நேரமும் முன்கூட்டியே குறிக்கப்பட்ட பிரிவுகளைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்தப் பிரிவுகளின் கதையும் கோப்பியில்தான் தொடங்குகிறது; இந்த மலைகளும் ஒரு காலத்தில் கோப்பி மலைகளாகவே இருந்தன. அந்தக் கோப்பியை நம்பி ஊரையும் உறவையும் விட்டுக் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர்களின் சந்ததியார், 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்து தேயிலை பரவிய பின்னரும் இம்மண்ணிலேயே உழைத்திருக்க, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. பின்னர் 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் ஜனங்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரின் விதி பிற்பாடு தீர்மானிக்கப்படுமென ஒத்திவைக்கப்பட்டது. ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருந்த அண்ணன் ஒரு தேசத்துக்கும் தங்கை மறு தேசத்துக்கும் உரியவர்களானார்கள். மனிதரை எண்ணிக்கையாக மட்டும் கண்ட அந்தக் கணக்கை நான் இன்றளவும் அநீதி என்றே சொல்வேன்.

உன் அப்பாயியின் அண்ணன் குடும்பம் எழுபதுகளில் அவ்வாறு புறப்பட்டது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பதிந்துகொள்வதே அப்போதைய வழி. பாஸ்போட்டும் சேமலாப நிதிப் பணமும் கைக்கு வந்து, திகதியும் நிச்சயமாகி, லயம் லயமாகப் பயணம் சொல்லி முடித்திருந்த அந்த அண்ணனும் தங்கையும், கோச்சி வந்து நிற்கும் வரையில் ஸ்டேஷனில் அருகருகே நின்று எதைப் பேசினார்கள் தெரியுமா? விட்டுச் செல்லும் சேவலை யார் வளர்ப்பது, பித்தளைக் குடத்தின் வாயைத் துணியால் கட்டியாயிற்றா, தேயிலைத்தூள் பொட்டலம் எந்த மூட்டையில் இருக்கிறது, இவ்வளவுதான். கோச்சி நகரத் தொடங்கியதும் அப்பாயி அதனோடு சில அடிகள் ஓடி, ஜன்னலுக்குள் கைவிட்டு அண்ணன் மகளின் நெற்றியில் திருநீறு பூசினாள். ஸ்டேஷன் முழுவதும் அழுதுகொண்டிருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தவர் அங்கே ஒருவரேனும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஆனால் அப்பாயி அதற்காக ஆயுள் முழுவதும் பச்சாத்தாபப்பட்டுக் கொண்டிருக்கவில்லை. அண்ணன் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டரசு அமைத்த தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்றுக் கோத்தகிரிப் பக்கம் குடியமர்ந்த செய்தி வந்ததிலிருந்து, எழுதப் படிக்கத் தெரியாத அவள் சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதுவேன். ஸ்டேஷனில் சொல்ல முடியாதவற்றை அவள் கொஞ்சங் கொஞ்சமாக, ஒவ்வொரு தபாலிலும் ஒரு விஷயமாகச் சொன்னாள். சிறு வயதில் தனக்காக அண்ணன் கங்காணியிடம் அடிபட்டதைச் சொல்ல அவளுக்குச் சில வருஷங்கள் பிடித்தன. கப்பல் 1984இல் நின்றுபோன பிறகும் கடிதங்கள் நிற்கவில்லை. தன் வாழ்நாளில் அண்ணனை மறுபடி காணாமலே அவள் போனாள். ஆயினும் சொல்லாமல் விட்டது எதுவுமில்லை என்ற திருப்தி அவளுக்கு இருந்தது. உன்னிடமும் அவளுக்கு மனக்குறை இருக்கவில்லை; ஞாயிறுதோறும் நீ பேசும்போது அவள் முகம் எப்படி இருக்குமென்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

ஆகவே, மகளே, நாவலில் நீ அப்பாயியை நினைத்து வாசித்த பக்கங்களைவிட, ஹிராய் என்பவளின் கதையை மீண்டும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குடும்பத்தின் விடுதித் தொழிலை உதறிவிட்டு வந்த அவளைத் தேடித் தங்கை குமி பலமுறை வந்தும், தன்னைப் பெற்றோர் வெறுப்பதுபோலத் தங்கையும் வெறுப்பாளென்று தானே கற்பித்துக்கொண்டு அவள் ஒளிந்துகொள்கிறாள். அப்படி ஒருநாள் காணாமலே திரும்பிய தங்கை வழியில் விபத்தில் மாண்ட பிறகுதான், நாற்காலியில் அமர்ந்து பின்சென்று, அக்காவோடு சேர்ந்து அந்த விடுதியை நடத்தவேண்டுமென்பதே தங்கையின் ஆசையாயிருந்ததென்று அறிகிறாள். தங்கை மீளவில்லை, ஆனால் ஹிராய் வீட்டுக்குத் திரும்புகிறாள். இறந்தவரைக் குறித்த துக்கத்தினாலன்றோ அவள் இருப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தாள்?

நீயோ அதே துக்கத்தினால் இருப்பவரை விட்டு விலகிக்கொண்டிருக்கிறாய். சாவு வீட்டின் பதற்றத்தில் உன் அப்பா போனில் ஏசியது உண்மை; நானே அவனைக் கண்டித்தேன். அன்றிலிருந்து நீ அவனோடு பேசுவதில்லை. அவனோ மாலையில் கொழுந்து நிறுத்து முடித்து மடுவத்திலிருந்து வந்ததும், லயத்தில் சிக்னல் கிடைக்காதென்று கோயில் மேட்டுக்கு ஏறி, மழையானாலும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போனைக் கையில் வைத்தபடி நிற்கிறான். தானாக உன்னை அழைக்க அவனுக்கு வெட்கம், அழைக்காதிருக்கவும் முடியவில்லை.

நீ எனக்குப் பதில் எழுதுவது பிறகு ஆகட்டும். இக்கடிதம் கிடைத்த மறுநாளே நம் நேரம் மாலை ஆறு மணிக்கு அவனை அழை. முதலில் அவன் வாய் திறவாமல் நின்றாலும், அல்லது மறுபடி ஏசினாலும், தயவுசெய்து போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் பெரியப்பா