மீண்டும் களத்தோரம்

கால்பந்தாட்டத்தைக் கண்டு மகிழாத மாணவர் அரியர். பக்கத்திற்குப் பதினொருவராக இருபத்திருவர் பந்தை நாடி ஓடுவதையும், பந்து வலைக்குள் புகுந்ததும் சூழ்ந்திருப்போர் ஆரவாரிப்பதையும் நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். ஆயின், களத்தின் எல்லையாக இடப்பெற்ற வெண்கோட்டிற்கு வெளியே நின்று, ஆட்டம் முடியுமளவும் கண் இமையாது நோக்கிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றி எண்ணிப் பார்த்ததுண்டோ? அவரே பயிற்சியாளர். மாணவனுக்கு மாறாக ஆசிரியர் தேர்வு எழுத இயலாது. அதுபோலவே ஆட்டக்காரனுக்கு மாறாகப் பயிற்சியாளர் பந்தை உதைக்க இயலாது. கற்பிக்க வேண்டியவற்றையெல்லாம் முன்னரே கற்பித்துவிட்டுக் களத்தோரத்தில் காத்து நிற்பதே அவர் கடமை. வெற்றி வந்தால் புகழ் பெரும்பாலும் ஆடியவரைச் சேரும். தோல்வி வந்தால் பழி முதற்கண் அவரையே சேரும்.

இத்தகைய பணியில் எய்தற்கரிய உயர்வை எய்தியபின் ஓய்வு கொண்டு, வீட்டில் அமைதியாக வாழும் ஒருவரை, மீண்டும் வருமாறு அழைத்தால் அவர் என் செய்வார்? வாரேன் என்று மறுத்துவிட்டால், பெற்ற புகழ் குன்றாது நிற்கும். சென்று தோற்றாலோ, முன்பு பெற்றதும் மங்கும். இவ்வினா ஜெர்மனி நாட்டின் பெரும்பயிற்சியாளராகிய யுப் ஹைன்கெஸ் என்பாரின் முன், அவருடைய 72ஆம் வயதில் வந்து நின்றது. அவர் அதற்குக் கூறிய விடையையும், அவ்விடையின் பயனையும் இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் ஆட்டமும்

ஹைன்கெஸ் 1945ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், ஜெர்மனியின் மேற்கிலுள்ள மன்சென்கிளாட்பாக் என்னும் ஊரில் பிறந்தார். பெரும்போர் ஐரோப்பாவில் ஓய்ந்த காலம் அது. நாடு இடிபாடுகளாய்க் கிடந்தது. அவர் தந்தையார் கொல்லுத்தொழில் புரிந்தவர், குடும்பமோ பெரிது. இளைஞராகிய ஹைன்கெஸ், சுவருக்குச் சுதை பூசும் தொழிலைக் கற்றுக்கொண்டே கால்பந்தும் பயின்றார். பின்னர்த் தம் ஊர்க் கழகமாகிய பொருசியாவிற்கு ஆடி, அக்கழகம் 1971 முதல் 1977 வரை நான்குமுறை நாட்டின் தலைமைக் கழகமாக விளங்கத் துணைபுரிந்தார். புண்டஸ்லிகா எனப்படும் ஜெர்மானியத் தலைமைப் போட்டியில் 369 ஆட்டங்களில் 220 கோல்கள் அடித்தார். 1972ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையையும் 1974ஆம் ஆண்டு உலகக் கோப்பையையும் வென்ற மேற்கு ஜெர்மானிய அணிகளில் அவரும் ஒருவர். அவ்விரண்டிலும் அவருடன் இருந்த மற்றொருவர் உலி ஹோனெஸ் என்பவர். இவர் பெயரை மாணவர்கள் நினைவில் இருத்துக. இவ்வரலாற்றில் இவர்க்குப் பெரும்பங்கு உண்டு.

ஏற்றமும் இறக்கமும்

ஆட்டத்தினின்று விலகிய ஹைன்கெஸ், 1979இல் தம் ஊர்க் கழகத்திற்கே பயிற்சியாளரானார். 1987இல் பயேர்ன் மியூனிக் என்னும் புகழ்பெற்ற கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அதன் மேலாளராக அப்பொழுது இருந்தவர் அவர் நண்பர் ஹோனெஸே. 1989, 1990 ஆகிய ஈராண்டுகளிலும் பயேர்ன் கழகம் தலைமைப் பட்டம் பெற்றது. ஆனால், 1991ஆம் ஆண்டு அணி தளர்ந்தபொழுது, அந்நண்பரே ஹைன்கெஸைப் பணியினின்றும் நீக்க நேர்ந்தது. தம் வாழ்நாளில் செய்த பெரும்பிழை அதுவே என்று ஹோனெஸ் பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதனினும் வியக்கத்தக்கது, நீக்கப்பட்டவர் நட்பைத் துறவாமையாகும்.

பின்னர் அவர் ஸ்பெயின் நாடு சென்றார். 1998ஆம் ஆண்டு, ரியல் மாட்ரிட் கழகம் அவர் பயிற்சியின்கீழ் யுவெண்டஸ் கழகத்தை 1-0 என வென்று, 32 ஆண்டுகளாகத் தனக்கு எட்டாதிருந்த ஐரோப்பியக் கழகங்களின் கோப்பையைக் கைப்பற்றியது. எனினும், உள்நாட்டுப் போட்டியில் அக்கழகம் பின்தங்கியமையால், சில நாள்களுக்குள்ளேயே அவர் பதவியிழந்தார். 2006இல் தம் ஊர்க் கழகத்திற்கு மீண்டும் வந்தவர், வெற்றி வாராமையால் 2007 சனவரியில் தாமே விலகினார். அவர் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

முப்பெரும் வெற்றி

2009ஆம் ஆண்டு பயேர்ன் கழகம் இடர்ப்பட்டபொழுது, ஹோனெஸ் மீண்டும் அவரை நாடினார். எஞ்சியிருந்த ஐந்து ஆட்டங்களுக்கு மட்டும் பொறுப்பேற்ற ஹைன்கெஸ், நான்கில் வென்று, ஒன்றைச் சமன்செய்து தந்தார். பின் இரண்டாண்டுகள் லெவர்குசன் கழகத்திற்குப் பணிபுரிந்து, 2011இல் பயேர்னுக்கு முழுநேரப் பயிற்சியாளராக வந்தார்.

முதலாண்டு கசப்பாகவே முடிந்தது. நாட்டின் தலைமைப் போட்டியிலும் ஜெர்மானியக் கோப்பையிலும் அணி இரண்டாம் இடமே பெற்றது. 2012 மே 19ஆம் நாள், மியூனிக் நகரிலேயே நிகழ்ந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்திலும், இங்கிலாந்தின் செல்சி கழகத்திடம் பெனால்டி உதைகளில் தோற்றது. அடுத்த ஆண்டு சனவரியில், பருவம் முடிந்ததும் பெப் கார்டியோலா என்னும் வேறொருவர் பொறுப்பேற்பார் என்று கழகம் அறிவித்தது. தம் இடத்திற்கு மற்றொருவர் வருகின்றார் என்பதை அறிந்தும், ஹைன்கெஸ் உழைப்பிற் குறைவு வைத்தாரல்லர். ஏப்பிரலில் தலைமைப் பட்டம் உறுதியாயிற்று. மே 25இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் டோர்ட்மண்ட் கழகத்தை 2-1 என வென்று ஐரோப்பியக் கோப்பை வந்தது. சூன் 1இல் ஜெர்மானியக் கோப்பையும் வந்தது. ஜெர்மனியின் ஆடவர் கழகம் ஒன்று, ஒரே பருவத்தில் இம்மூன்றையும் வென்றது அதுவே முதன்முறை. இவ்வாறு உச்சியில் நின்றபொழுதே, 68 வயதினராகிய அவர் விடைபெற்றார். மன்சென்கிளாட்பாக்கிற்கு அண்மையிலுள்ள தம் பண்ணை வீட்டில், மனைவியாருடனும் காண்டோ என்னும் வளர்ப்பு நாயுடனும் அமைதியாக வாழலானார்.

அழைப்பு

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2017 செப்டம்பர் 27ஆம் நாள், பயேர்ன் கழகம் பாரிசு நகர அணியிடம் 0-3 எனப் பெருந்தோல்வி அடைந்தது. மறுநாளே பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டி நீக்கப்பெற்றார். நாட்டின் போட்டியில் டோர்ட்மண்ட் கழகம் ஐந்து புள்ளிகள் முன்னே நின்றது. இலக்குக் காப்பதில் தலைசிறந்தவராகிய மானுவெல் நொயர் காலெலும்பு முறிந்து படுத்திருந்தார். அந்நாளில் கழகத்தின் தலைவராக விளங்கிய ஹோனெஸ், தம் பழைய நண்பரை மீண்டும் நாடினார்.

ஹைன்கெஸ் மறுத்திருந்தால் உலகம் அவரைக் குறைகூறியிராது. முப்பெரும் வெற்றிக்கு மேல் அவர் அடைய வேண்டியது ஒன்றுமில்லை; இழக்கக்கூடியதோ மிகுதி. எனினும் அவர் இசைந்தார். நட்பின்பொருட்டு வருவதாகவும், அப்பருவம் முடியுமளவே இருப்பதாகவும் தொடக்கத்திலேயே தெளிவாக்கினார். அக்டோபர் 9ஆம் நாள் 72 வயது முதியவர் மீண்டும் பயிற்சிக் களத்தில் இறங்கினார்.

அவர் புதுமந்திரம் எதனையும் கொண்டுவந்தாரல்லர். முன்பு தமக்குத் துணைநின்ற பீட்டர் ஹெர்மன் என்பவரை வேறொரு கழகத்தினின்றும் வரவழைத்தார். தளர்ந்திருந்த பயிற்சியைச் செறிவாக்கினார். காப்பு வரிசையில் ஆடிவந்த ஹாவி மார்ட்டினெஸை, அவர்க்கு முன்னர் நன்கு பொருந்தியிருந்த நடுக்கள இடத்திற்கு மாற்றினார். நொயருக்கு மாற்றாக நின்ற ஸ்வென் உல்ரைக்கிடம் நம்பிக்கை வைத்தார். யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும், யாரிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பதும் நெடுநாள் பழக்கத்தால் வரும் அறிவு. அவ்வறிவு ஓய்வினாற் கெடவில்லை.

அக்டோபர் 14இல் பிரைபர்க் அணியை 5-0 என வென்றனர். மூன்றே ஆட்டங்களில் ஐந்து புள்ளிப் பின்னடைவு மூன்று புள்ளி முன்னேற்றமாக மாறிற்று. டிசம்பரில் அதே பாரிசு அணியை 3-1 என வென்றனர். இடையில் நவம்பரில் நேர்ந்த முதல் தோல்வியோ, அவர் பிறந்த ஊர்க் கழகத்தின் கையால் நேர்ந்தது! 2018 ஏப்பிரல் 7ஆம் நாள், இன்னும் ஐந்து ஆட்டங்கள் எஞ்சியிருக்கும்பொழுதே, ஆக்ஸ்பர்க் நகரில் தலைமைப் பட்டம் உறுதியாயிற்று. முடிவில் இரண்டாம் இடம் பெற்ற கழகத்தினும் 21 புள்ளிகள் மிகுதியாக நின்றது பயேர்ன்.

விடைபெறுதல்

இவ்வரலாறு இவ்விடத்தே முடிந்திருப்பின் கேட்க இனிதாக இருக்கும். ஆனால், வாழ்க்கை நாம் விரும்புமிடத்தில் முடிவதில்லை. ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில், ஒருகாலத்தில் அவரே பயிற்றிய ரியல் மாட்ரிட் கழகத்திடம், இரண்டு ஆட்டங்களும் சேர்ந்து 3-4 என்னும் கணக்கில் பயேர்ன் தோற்றது. ஜெர்மானியக் கோப்பையின் இறுதியாட்டம் பெர்லின் நகரில் நிகழ்ந்தது. எதிரணி பிராங்பர்ட், அதன் பயிற்சியாளர் நிக்கோ கோவாச். ஹைன்கெஸுக்குப்பின் பயேர்ன் கழகத்தை ஏற்கவிருந்தவரும் அவரே. முதியவரின் இறுதி ஆட்டத்தில், அவருடைய வழித்தோன்றலே எதிர்நின்று 3-1 என வென்றார். பிராங்பர்ட் கழகம் 30 ஆண்டுகளுக்குப்பின் அக்கோப்பையைப் பெற்றது. அந்நாள் 2018 மே 19. செல்சியிடம் தோற்று, சரியாக ஆறாண்டுகள் நிறைந்த நாள்.

அதற்கு முன்பே, மேலும் ஓராண்டேனும் இருக்குமாறு ஹோனெஸ் அவரைப் பலவாறு வேண்டிப் பார்த்தார். ஹைன்கெஸ் இசையவில்லை. வரும்போது சொன்ன சொல்லைப் போகும்போது காத்தார். மீண்டும் தம் இல்லம் திரும்பினார்.

மாணவர்களே! 2013இல் கோப்பைகள் மூன்றுடன் சென்றவர், 2018இல் தலைமைப் பட்டம் ஒன்றை மட்டும் தந்து, இறுதியாட்டத்தில் தோற்றுச் சென்றார். இவ்விரண்டு விடைபெறுதல்களுள் எது பெரிது? கோப்பைகளை மட்டும் எண்ணுவோர் முன்னதையே பெரிது என்பர். முன்னதில் அவர் பெற்றார். பின்னதில், பெற்றதை இழக்க நேரினும் நேருக என்று துணிந்து, உதவி வேண்டிய இடத்தில் வந்து நின்றார். ஒருமுறை தம்மை நீக்கியவர் அழைத்தபொழுது பழைய வடுவை எண்ணிப் பார்த்தாரல்லர். பணி முடிந்தபொழுது பதவியைப் பற்றிக்கொண்டாரல்லர். புகழைப் பெட்டியிற் பூட்டிக் காப்பதினும், அதனைப் பிறர்க்குப் பயன்படுமாறு செலவிடுவதே பெருமை. கற்ற கல்வியும் அத்தகையதே. அழைக்கும்பொழுது வருதலும், முடிந்தபொழுது விலகுதலும் ஆகிய இரண்டையும் கற்றவரே தம் தொழிலை முற்றக் கற்றவராவர்.