நிதி முடிந்த பின்னும் நடக்க வேண்டிய வேலை

அன்புள்ள மருமகனுக்கு,

தனியார் அறக்கட்டளை என்பது, ஒரு குடும்பமோ நிறுவனமோ தன் செல்வத்தில் ஒரு பகுதியைப் பொது நன்மைக்கென ஒதுக்கி, அதைச் செலவிடும் அதிகாரத்தை அறங்காவலர் குழுவொன்றிடம் ஒப்படைத்து நடத்தும் அமைப்பாகும். அது வழங்கும் நிதி திருப்பிச் செலுத்த வேண்டிய கடனன்று, ஆயினும் எதற்கெனப் பெறப்பட்டதோ அதற்கே செலவானதென்று கணக்குக் காட்ட வேண்டிய பணமாகும். டில்மா தேயிலையை நிறுவிய மெரில் ஜே. பெர்னாண்டோவின் பெயரிலுள்ள அறக்கட்டளையைப் போலத் தேயிலை வருமானத்திலிருந்தே நிதி பெறும் அமைப்புகளும் இலங்கையில் உண்டு. நல்லதண்ணியில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கு ஓர் அறை கட்ட விரும்பும் இளைஞர் மன்றம் விண்ணப்பத்தை எழுதத் தொடங்குமுன், இத்தகைய பணம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மலையகத்துக்கு வந்து சென்றதை அறிந்திருப்பது பயன் தரும்.

1913இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட ரொக்பெல்லர் அறக்கட்டளை, 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்புப் பணியை ஆரம்பித்தது. அசுத்தமான மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே உடலுக்குள் நுழைந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் அப்புழுவை வெளியேற்ற மருந்து கொடுக்கப்பட்டது. ஆனால் போதிய மலசலகூடங்களைக் கட்டும் செலவை ஏற்கத் தோட்ட உரிமையாளர்கள் தயங்கியதால், மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் நடந்து மீண்டும் நோயுற்றனர். பிற்காலத்தில் அவ்வறக்கட்டளை அரசோடு இணைந்து, 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்டது போன்ற சுகாதாரப் பிரிவுகளின் பக்கம் திரும்பியது. வந்த பணம் குறைவென்பதைவிட, அது தொடாத பகுதியை யார் செய்வதென்பது உறுதியாகாமற் போனதே அங்கிருந்த கோளாறு எனலாம்.

மாலை வகுப்பறைக்கும் அக்கேள்வி பொருந்தும். கட்டடச் செலவை அறக்கட்டளை தரக்கூடும். இரண்டாம் ஆண்டில் ஆசிரியரின் கொடுப்பனவையும் மின்சாரக் கட்டணத்தையும் யார் செலுத்துவர் என்பதை விண்ணப்பம் பெயரும் தொகையுமாகச் சொல்லியாக வேண்டும். பெற்றோர் மாதந்தோறும் தரும் சிறு தொகையாயினும், அது எழுத்தில் இருந்தால் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும்.

இதனினும் கடினமானது நிலம். 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மட்டும் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட தோட்டங்களில் காணி இன்றும் அரசுக்கே உரியது. தலைமுறைகளாக அங்கே வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கும் அறை எழுப்பத் தனியுரிமை கிடையாது. ஆகவே தோட்ட நிர்வாகத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாத விண்ணப்பம், எத்துணை அழகாக எழுதப்பட்டிருப்பினும், அறங்காவலர் மேசையைத் தாண்டாது. மன்றம் சட்டப்படி பதிவு பெற்றிருத்தலும், இருவர் கையொப்பமிட்டு இயக்கும் வங்கிக் கணக்கு அதன் பெயரிலேயே இருத்தலும் வழமையான நிபந்தனைகள்.

தேவையை விளக்கும் பகுதியில் தோட்டத் தொழிலாளரின் இருநூறாண்டுத் துயரத்தை அடைமொழிகளால் நிரப்பும் பழக்கம் மலையக விண்ணப்பங்களில் மிகுதி. அத்துயரம் உண்மையே, எனினும் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர் அதைப் பலமுறை படித்திருப்பார். வகுப்பு நடக்கவிருக்கும் தோட்டப் பிரிவில் சென்ற ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியவர் எத்தனை பேர், அவர்களில் கணிதத்தில் சித்தியடைந்தவர் எத்தனை பேர், மாலையில் படிக்க இடமின்றி இருப்பவர் யார் என்னும் மூன்று விடைகள் அவரை நிறுத்தி வாசிக்கவைக்கும்.

பாதீடு, அதாவது எதிர்பார்க்கும் வரவு செலவுகளின் பட்டியல், ஹட்டன் கடையின் சீமெந்து விலையோடு முடிந்துவிடக் கூடாது; மஸ்கெலியா வழியாக ஏற்றிவரும் லொறிக் கூலியும், வீதியிலிருந்து லயம் வரை சுமக்கும் கூலியும் தனித்தனியே இடம்பெற வேண்டும். தென்மேற்குப் பருவமழை பொழியும் மாதங்களில் கூரை வேலையைக் குறித்த காலஅட்டவணை, இவ்வூரை அறியாதவர் எழுதியதென்றே எண்ணப்படும்.

தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தைக் கேட்கும் கடிதத்தின் வரைவு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. டிசம்பரில் சிவனொளிபாத மலைப் பருவகாலம் தொடங்கி ஊரே யாத்திரிகர் கூட்டத்தில் மூழ்குமுன், மன்றத் தலைவரும் செயலாளரும் நேரிற் சென்று அதைத் தோட்ட முகாமையாளரான துரையிடம் கையளித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தைப் பிரதியொன்றில் வாங்கி வைப்பது நன்று.

அன்புடன்,
மாமா