உரிமம் யார் கையில்? தேர்தல் காலமும் நம் செய்தித்தாள்களும்

தேர்தல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன வாக்குப்பெட்டியும் விரல் மையுமே. ஆயினும், ஒரு வாக்காளர் சாவடிக்குள் நுழையும் முன்பே அவர் எதைப் படித்தார், எதைப் படிக்க இயலாமல் போனது என்பவை அவர் மனத்தைப் பாதி தயார்ப்படுத்தி விடுகின்றன. இதை எனக்கு முதலில் உணர்த்தியவை பல்கலைக்கழகப் பாடநூல்கள் அல்ல. ஜோர்ஜ் டவுனில் இருக்கும் என் தாத்தா.

தாத்தா நாள்தோறும் இரண்டு தமிழ் நாளிதழ்கள் வாங்குவார். "ஒரு வீட்டுக்கு ஒரு பேப்பர் போதாதா?" என்று பாட்டி கடிந்து கொள்வது நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலந்தொட்டே கேட்டுப் பழகிய வசனம். "இதுல இல்லாதது எதுன்னு அதைப் பார்த்தாத்தானே தெரியும்?" என்பார் தாத்தா. இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, தமிழ் வாரத்திற்குச் சில பாடவேளைகளாகச் சுருங்கிய பின்னரும் நான் தமிழ் வாசிப்பை விடாமல் இருந்ததற்கு அந்த இரண்டு ஏடுகளே காரணம். அவர் சொன்னதன் பொருளோ, ஊடகச் சட்டங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

நம் நாட்டு ஏடுகள் பலவற்றின் பின்னால் கட்சிகள் இருந்தன என்பது இரகசியமன்று. உத்துசான் மலேசியா அம்னோவின் வசம் இருந்தது; தி ஸ்டார் ம.சீ.ச.வின் வசம். 1924இல் தோன்றிய தமிழ் நேசன், பிற்காலத்தில் ம.இ.கா. தலைவராக இருந்த ச.சாமிவேலுவின் குடும்பத்தாரிடம் இருந்தது. மக்கள் ஓசையோ அதே கட்சியில் துணைத் தலைவராக இருந்த எஸ்.சுப்ரமணியத்திற்கு நெருக்கமான ஏடாகக் கருதப்பட்டது. ஒரே கட்சிக்குள் இருந்த இரு அணிகளின் பூசல் தமிழ் வாசகனுக்கு இரண்டு வகைச் செய்திகளைத் தந்தது என்று சொல்லலாம். நகைப்புக்குரியதுதான்; ஆனால் அதுவும் இல்லாதிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரே குரல்தான்.

உடைமையைவிட ஆழமானது உரிமம். இங்கிலாந்து தன் மண்ணில் அச்சு உரிம முறையை 1695இலேயே காலாவதியாக விட்டுவிட்டது. அதே ஆங்கிலேயர் ஆட்சி, அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட 1948ஆம் ஆண்டில் மலாயாவில் அச்சகச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஏடுகள் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும் என்றது. சுதந்திரம் பெற்ற நாம் அதைக் களையவில்லை. 1984இல் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டமாக அதை வலுப்படுத்தினோம். உரிமம் தருவதும் மறுப்பதும் அமைச்சரின் முழு விருப்பத்திற்கு விடப்பட்டன.

அந்த விருப்பம் என்ன செய்யும் என்பதை 1987 அக்டோபர் 27ஆம் நாள் தொடங்கிய லாலாங் நடவடிக்கை காட்டியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதாயினர். தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வத்தான் ஆகிய மூன்று ஏடுகளின் உரிமம் பறிக்கப்பட்டது. 1988இல்தான் அவை மீண்டும் வெளிவந்தன. இவற்றுள் தி ஸ்டார் 1971இல் நம் பினாங்கில் பிறந்த ஏடு என்பதை இன்றைய மாணவர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

பினாங்கிற்கு இன்னொரு பாடமும் உண்டு. 1977இல் இங்கு தோன்றிய அலிரான் இயக்கம் ஆங்கிலத்தில் ஒரு சஞ்சிகையை வெளியிட்டு வந்தது. அதை மலாய்மொழியிலும் வெளியிட அனுமதி கோரியபோது அரசு மறுத்தது. உயர்நீதிமன்றம் அலிரானுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும், உச்சநீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஆங்கிலத்தில் சொல்லலாம், மலாயில் சொல்லக் கூடாது! கருத்து ஒன்றுதான், அதைப் படிக்கக் கூடியவர்களின் எண்ணிக்கைதான் வேறு. ஆட்சியாளர்கள் அஞ்சியது எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை.

2008ம் மக்கள் ஓசையும்

இனி நம் சமூகத்தை நேரடியாகத் தொட்ட நிகழ்வுக்கு வருவோம். 2007 ஆகஸ்டில், இயேசுபிரான் கையில் சிகரெட் இருப்பது போன்ற படத்தை வெளியிட்டதற்காக மக்கள் ஓசை ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. ஏடு மன்னிப்புக் கேட்டிருந்தது. படம் தவறானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே ஆண்டு நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி நடந்தது. டிசம்பரில் அதன் தலைவர்கள் ஐவர் இசா சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டனர். தோட்டத்திலும் அடுக்குமாடி வீடுகளிலும் இருந்த நம் பெரியவர்கள் இவற்றை ஆங்கில இணையத் தளங்களில் தேடிப் படித்திருக்க முடியாது. அவர்களுக்குத் தமிழ் நாளிதழ்தான் இணையம்.

2008 மார்ச் 8ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலில் 222 நாடாளுமன்ற இடங்களுள் 82ஐ எதிர்க்கட்சிகள் வென்று, தேசிய முன்னணியின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையை உடைத்தன. சுங்கை சிப்புட்டில் சாமிவேலு தோற்றார். பினாங்கில் 40 சட்டமன்ற இடங்களுள் 29ஐ எதிர்க்கட்சிகள் வென்றன. 1969 முதல் முதலமைச்சர் பதவியை வகித்து வந்த கெராக்கான் ஓர் இடம்கூடப் பெறவில்லை. பேராசிரியர் பி.இராமசாமி இரண்டாம் துணை முதல்வரானார். ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதியில் வென்றவர் ஜெஃப் ஊய் என்ற வலைப்பதிவர். 1999இல் தொடங்கிய மலேசியாகினி போன்ற தளங்களுக்கு அச்சு உரிமம் தேவைப்படவில்லை என்பதையும் இங்கு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தேர்தல் முடிந்த மறுமாதமே, ஏப்ரலில், மக்கள் ஓசையின் உரிமத்தைப் புதுப்பிக்க உள்துறை அமைச்சு மறுத்தது. எதிர்க்கட்சிச் செய்திகளுக்கு இடம் கொடுத்ததே காரணம் என்று ஏட்டின் தரப்பினர் கருதினர். எதிர்ப்புக் கிளம்பியது, மேல்முறையீட்டிற்குப் பின் சில நாள்களில் உரிமம் திரும்பக் கிடைத்தது. கிடைத்துவிட்டதே, பிறகென்ன என்று கேட்கலாம். அடுத்த ஆண்டும் அதே மேசைக்குப் போய் நிற்க வேண்டிய ஆசிரியர், அடுத்த தலையங்கத்தை எப்படி எழுதுவார்? தணிக்கையாளர் ஒருவரும் அச்சகத்தில் அமர வேண்டியதில்லை. ஆசிரியரே தம் பேனாவுக்குத் தணிக்கையாளர் ஆகிவிடுவார். தாத்தா தேடிய 'இல்லாத செய்தி' இப்படித்தான் இல்லாமல் போகிறது.

மேலை நாடுகளில் மட்டும் எல்லாம் சரியாக உள்ளதா? இல்லை. பிரிட்டனில் தொலைக்காட்சியில் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தருவதில்லை; கட்சிகளுக்கு இலவச ஒளிபரப்பு நேரம் ஒதுக்கப்படுகிறது. அமெரிக்காவிலோ, 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், தேர்தலுக்காக நிறுவனங்கள் தனித்துச் செலவிடுவதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒன்று பேச்சைக் கட்டுப்படுத்திச் சமநிலையைத் தேடுகிறது. மற்றொன்று பேச்சைத் திறந்துவிட்டுப் பணத்திற்கு வழிவிடுகிறது. எனக்குப் பிரிட்டன் முறையே ஏற்புடையது. ஆனால் இரண்டு நாட்டிலும் நாளிதழ் நடத்த எந்த அமைச்சரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. பிரிட்டனின் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்கோம் அமைப்பும் அமைச்சரின் மேசையன்று. நம் நாட்டில் 1987இல் உள்துறை அமைச்சராக இருந்தவர் பிரதமர் மகாதீரே. 2007இல் ஏடுகளின் உரிமம் பிரதமர் அப்துல்லா படாவியே பொறுப்பு வகித்த உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சின்கீழ் இருந்தது. பந்தயத்தில் ஓடுபவரே நடுவரின் ஊதலையும் கையில் வைத்திருந்தார்.

மாற்றங்கள் வராமல் இல்லை. 2012இல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதி நீக்கப்பட்டது. அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கவும் வழி பிறந்தது. ஏடு வெளியிடுவது சலுகையன்று, உரிமை என்று மலேசியாகினி வழக்கில் நீதிமன்றம் கூறியதை 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிலைநிறுத்தியது. அதே மலேசியாகினிக்கு, வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் 5 இலட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. பொதுமக்களின் நன்கொடையால் அத்தொகை சில மணி நேரத்திலேயே சேர்ந்துவிட்டது.

நாம் எங்கே நிற்கிறோம்?

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள் ஆக்கு சட்டத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கட்சியை ஆதரித்தோ எதிர்த்தோ மாணவர் கருத்துச் சொல்வதையே அது தடுத்தது. 2010இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது சிக்கிய தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் வழக்காடியதால், அவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வளாகத்தினுள் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடை 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தால் நீங்கியது. 2021 டிசம்பரில் வாக்களிக்கும் வயது பதினெட்டாகக் குறைந்ததால்தான், 2022 நவம்பரில் பத்தொன்பது வயதிலேயே நான் வாக்களித்தேன்.

அந்தத் தேர்தல் வாரத்தில் நான் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். வேட்பாளர் ஒருவர் நம்மவர்களை இழிவாகப் பேசுவது போன்ற காணொளி ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. கோபத்தில் குடும்பக் குழுவிலும் நண்பர்கள் குழுவிலும் உடனே பகிர்ந்தேன். மாலையில் தாத்தா தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா, இதை எந்த ஊர்ல, என்னைக்குப் பேசினாராம்?" என்று மட்டும் கேட்டார். தேடிப் பார்த்தேன், பல ஆண்டுகளுக்கு முந்தைய, முன்னும் பின்னும் வெட்டப்பட்ட பேச்சு. நான் மறுப்பு எழுதுவதற்குள் அது எத்தனை குழுக்களுக்குப் போயிருந்ததோ!

2025 ஜனவரி முதல் நாள், நாட்டில் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களும் உரிமம் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்தக் காணொளியை நினைத்தால் இவ்விதி எனக்கு நியாயமாகப் படுகிறது. மக்கள் ஓசையை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. இரண்டு உணர்வும் எனக்குள் ஒருசேர இருக்கின்றன. ஒன்றை விட்டுக் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை.

தமிழ் நேசன் 2019இன் தொடக்கத்தில் நின்றுவிட்டது. தாத்தா இப்போது ஒரு நாளிதழ்தான் வாங்குகிறார். விடுமுறையில் நான் வீட்டிற்குப் போனால், அதை வாசித்து முடித்துவிட்டு என் கைப்பேசியைக் காட்டி, "அதுல என்ன போட்டிருக்கான், படி" என்கிறார்.